ஒட்டிக்கொண்ட பக்கம்

“சிறகைக் கழட்டிட்டு ஒரு வாய் காபி குடிங்கக்கா, இன்னும் நேரம் இருக்கு” என்றாள் புத்தகக் கடைப் பெண்.

தையல்காரி கழற்றவில்லை. நாற்பதைத் தாண்டிய உடம்பில் நெட் பாவாடையும் முதுகில் கம்பி வைத்துத் தைத்த நீலச் சிறகுமாக, கடையின் சாமான் அறையில் ஒரு முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய முடியாது, சிறகு நசுங்கிவிடும்.

இவளைப் பற்றித் தெருவில் பேசாத வாய் கிடையாது. துணி கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்காது; தையல் மெஷின் மேல் எப்போது பார்த்தாலும் ஒரு தேவதைக் கதைப் புத்தகம் குப்புறக் கிடக்கும். “பிள்ளை இல்லாத வீட்டுல யாருக்குடி இத்தனை பொம்மைப் புத்தகம்?” என்று எதிர்வீட்டுக்காரி நேராகவே கேட்டுவிட்டாள்.

“எனக்குத்தான்.”

“அது சரி. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது, இனிமேதான் பறக்கப் போறியாக்கும்.”

பிள்ளை இல்லாத வீடு என்பது உண்மைதான். பிள்ளையே இல்லாதவள் என்று தெரு நினைத்துக்கொண்டதுதான் பொய். எட்டு வயது மகள் அப்பாவிடம் இருக்கிறாள், அவருடைய புது மனைவி வந்த வீட்டில்.

போன வருஷம் ஒருநாள் பள்ளி வாசலில் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் தையல்காரி. எங்கோ ஓர் ஊரில், ஒரு லாட்ஜ் அறைக் கதவைப் போலீஸ் வந்து தட்டியது. மகள் இருக்கும் திசையில் இனி தலைவைத்துப் படுக்கக் கூடாது, மீறினால் ஜெயில் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தாள்.

நீலச்சிறகுத் தேவதைக் கதை என்றால் மகளுக்கு உயிர். தொடரில் புதுப் புத்தகம் வெளியாகும் நாளில் இந்தக் கடைக்கு வராமல் இருக்க மாட்டாள். கடையில் தேவதை வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததும், சிறகை நானே தைத்துக்கொள்கிறேன் என்று தையல்காரி போய் நின்றுவிட்டாள். வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தேவதையின் காதில் ஓர் ஆசையைச் சொல்லுமாம். அம்மா வேணும் என்று ஒரு வார்த்தை அந்தக் காதில் விழுந்தால் போதும், மிச்ச காலத்தை அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று இவள் கணக்கு.

வெளியே வந்தாள். முன்னால் சப்பணமிட்ட பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெரியவர்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், தேவதை ஓவியங்கள் நிறைந்த தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே “பேத்திக்கு” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் மூக்கு உரசப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் மகள். வளர்ந்திருந்தாள். யாரோ பொறுமையாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தார்கள். இவள் போட்டால் ஒன்று கோணிக்கொள்ளும்.

புதுப் புத்தகத்தைப் பிரிக்கும் முன் தொடரின் முதல் கதையை வாசிப்பது அந்தக் கடையின் வழக்கம். கண்வரை மூடிய முகமூடியைச் சரிசெய்துகொண்டு, கீச்சுக் குரலில் வாசித்தாள். குட்டித் தேவதை கதவைத் தாழிட்டாள், விளக்கை அணைத்தாள். தையல்காரியின் கை தானாகவே இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியது. கதையில் மறுநாள் பொழுது விடிந்தது.

“ஒரு பக்கத்தை விட்டுட்டீங்க” என்றான் கண்ணாடி போட்ட ஒரு பொடியன். “சூனியக்காரி வேஷம் போட்டுட்டு வந்து, அம்மா குரல்ல கதவைத் திறன்னு கூப்பிடுவாளே, அது எங்க?”

“பக்கம் ஒட்டிக்கிச்சு ராஜா” என்றாள் தேவதை. கூட்டம் சிரித்தது.

“நல்ல படம் உள்ள பக்கமாச்சே” என்று வழுக்கைத் தலைக்காரர் அலுத்துக்கொண்டார்.

ஆசை சொல்லும் வரிசை நகர்ந்தது. ஒருத்திக்கு நாய்க்குட்டி வேண்டும். பொடியனுக்குக் கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் வர வேண்டும். எல்லோருக்கும் ஆகட்டும் என்று தலையாட்டி, உள்ளங்கையில் ஜிகினாத் தூள் தூவிக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலைக்காரரும் வரிசையில் நின்று பார்த்தார். கடைப் பெண் நாசூக்காக நகர்த்திவிட்டாள்.

மகள் வந்து நின்றாள்.

“சொல்லு கண்ணு, உனக்கு என்ன வேணும்?”

மகள் முகமூடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து காதில் வாயை வைத்தாள். வேறு ஏதோ சோப்பின் வாசனை அடித்தது.

“நம்ம வீட்டுப் புத்தகத்துலயும் அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. சித்திதான் பிரிச்சுப் படிச்சுக் காட்டினாங்க. மொதல்ல அழுதேன். இப்பல்லாம் பயம் இல்லை.”

தேவதை வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

மகள் ஜிகினாத் தூளுக்குக் கை நீட்டவில்லை. மடங்கியிருந்த சிறகின் நுனியை மட்டும் நிமிர்த்திவிட்டு, இன்னும் சன்னமாகச் சொன்னாள்:

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே வராதம்மா.”