ஒரு பாட்டு முந்தி

திருநகர் வீட்டில் ராம்கி ஹாலில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, அடுப்படிக்கு ஒரு ஸ்பீக்கர் வயர் இழுத்தான். அவன் மனைவி ரோகிணிதான் முதலில் கவனித்தாள். ஹாலில் பாட்டு வருவதற்கு ஒரு சொல் முன்னதாகவே அடுப்படி ஸ்பீக்கர் அதைப் பாடியது.

"என்னங்க, இங்க முந்திப் பாடுது."

"எம்புட்டு வயர் போட்டாலும் சத்தம் ஒண்ணாத்தான் வரும். ஒனக்குத்தான் அவசரக் காது," என்று சிரித்தான்.

வயரை நீட்டிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனபோது ஒரு வரி முந்தியது. மாடிக்கு ஏற்றியபோது முழுப் பாட்டே முந்தியது. ராம்கிக்குக் கொண்டாட்டம். மகள் மதுவந்தி ஹாலில் மைக் பிடித்துப் பேசப்போவதை மாடியில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, இறங்கி வந்து அவளைக் கேலி செய்வான்.

சனிக்கிழமை மாலை ரோகிணி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் மதுவந்தியின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா ஏம்மா கண்ணத் தொறக்க மாட்டேங்கிறாரு?"



ரோகிணி ஓடி இறங்கினாள். ஹாலில் ராம்கி மட்டும் தரையில் உட்கார்ந்து, புது வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மைக் அணைக்கப்படாமல் கிடந்தது. மதுவந்தி இன்னும் பசுமலை டியூஷனிலிருந்து வரவில்லை.

"ஏன்டி இப்புடி மூச்சு வாங்குது? இன்னும் நீளமா இழுக்கப் போறேன். நாளைக்கு நடக்கப்போறதையே கேட்டுரலாம்."

ரோகிணி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாடி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் மதுவந்தி சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.