புருஷனுக்குப் போடாதீங்க

"கட்டின புருஷனுக்கு எதிரா வீடு வீடா ஏறி ஓட்டுக் கேக்குற ஆளை இப்பதான் பாக்குறேன், அண்ணி."

தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டு காஜா மொய்தீன் சொன்னார். மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆற்றையொட்டிய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை. எதிரே வியர்த்துப்போய் நின்ற நல்லம்மாள் பதிலுக்குச் சிரித்தாள்.

சட்டமன்றத்துக்கு யாரை நிறுத்துவது என்று இந்த முறை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்று கட்சி சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. இரண்டே பேர் போட்டி. ஒருவர் நல்லம்மாளின் கணவர் சந்திரசேகரன். கிளைத் தலைவர், எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான். இன்னொருத்தி ஜெகதீஸ்வரி, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண். அவள் ஜெயிப்பாள் என்று அவளைப் பெற்றவளே நம்பவில்லை.

நல்லம்மாள் ஓட்டுக் கேட்டது ஜெகதீஸ்வரிக்கு!

"வீட்டுல ஏதும் சண்டையா, அண்ணி?"

"சண்டையெல்லாம் இல்ல தம்பி. ஒரு நிமிஷம் கண்ண மூடுங்களேன்."

"எதுக்கு?"

"மூடுங்க லா."

இதுதான் அவள் வழி. அரசியல் பேசமாட்டாள், யாரையும் திட்டமாட்டாள். கண்ணை மூடச் சொல்வாள். அடுக்குமாடி முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தாலும், அவள் வந்து நின்றால் மூடத்தான் செய்தார்கள்.

காஜாவும் மூடினார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. மேலே மாடிகளில் காயப்போட்ட துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"பெரிய மழை பெய்யுது தம்பி. கடைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல. பிரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல வைக்க நீங்க ஓடல. வீட்டுல படுத்துக்கிட்டு மழைச் சத்தம் கேக்குறீங்க. ஆத்துல நாத்தமே இல்ல. பிள்ளைங்க கரையில உக்காந்து தூண்டில் போடுதுங்க. அங்க சட்டமன்றத்துல நம்ம ஜெகா எழுந்து நின்னு பேசுறா. நம்ம பிளாக் பேரைச் சொல்லிப் பேசுறா."

காஜா கண்ணைத் திறக்கவில்லை. தலைக்கு மேல் நிஜமாகவே மழை பெய்வது போலவும், தான் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது போலவும் இருந்தது. மழைச் சத்தத்தைப் பயமில்லாமல் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. அதனாலேயே அவருக்குக் கோபமும் வந்தது.

"கனவுக்கு யாராச்சும் ஓட்டுப் போடுவாங்களா? கடை லைசன்ஸுக்கு அண்ணன் எனக்காக எவ்வளவு அலைஞ்சாரு! அவர் காலை நீங்களே வாரிவிடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

நல்லம்மாளின் முகம் வாடிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"யோசிங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, லிப்ட் ரிப்பேர் என்பதால் படியேறினாள்.

"வீட்டுக்காரருக்கே உண்மையா இல்லாதவ, நமக்கா நல்லது செய்யப் போறா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல், அவள் காதில் விழட்டும் என்றே உரக்க வந்தது. நல்லம்மாள் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியே தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைக் காஜா கீழிருந்து பார்த்தார்.

அவருக்குப் பொறுக்கவில்லை. கடையை மனைவி சலேஹாவிடம் விட்டுவிட்டு நேரே சந்திரசேகரன் வீட்டுக்குப் போனார்.

சன்னலோரத்தில் உட்கார்ந்து, மங்கிக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி இருந்தார் சந்திரசேகரன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணி உங்களுக்கு எதிரா…"

"தெரியும். ஜனங்க என்ன சொல்றாங்க காஜா? அவ பேச்சுக்கு மசியுறாங்களா?"

அந்தக் குரலில் இருந்த தவிப்பைக் கேட்டுக் காஜாவுக்குப் பாவமாகிவிட்டது.

"கண்ண மூடுறாங்க, கேக்குறாங்க. அவ்வளவுதான். பயப்படாதீங்க அண்ணே, எப்படியும் நீங்கதான் ஜெயிப்பீங்க."

சந்திரசேகரனின் முகம் தொங்கிப்போயிற்று.

"அதுதான் காஜா எனக்குப் பயமா இருக்கு."

காஜா விழித்தார்.

"போன வெள்ளத்துல பேப்பர்ல வந்தது என் படம். படம் எடுத்து முடிச்சதும் நான் வீட்டுக்கு வந்துட்டேன். இடுப்பளவு தண்ணியில நின்னு ஜனங்களைத் தூக்கிப் படகுல ஏத்துனது ஜெகா. இதுவரைக்கும் அதை ஒருத்தர்கிட்டயும் அவ சொன்னதில்ல. நினைச்சா வெக்கமா இருக்கு."

"அப்ப நீங்க விலகிக்கலாமே அண்ணே?"

"விலகினா ஓட்டே நடக்காது. ஒரே ஒரு பேருதான்னா மேலிடமே அவங்களுக்கு வேண்டிய ஆளைப் போட்டுடும். நான் நின்னு தோத்தாதான் அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும். வெளிய தெரிஞ்சா அவ ஜெயிச்சதையே நாடகம்பாங்க. அதான் நல்லம்மா எல்லார் பேச்சையும் வாங்கிக்கிட்டு வாயைத் திறக்காம நடக்குறா."

கடையில் தான் பேசியதை நினைத்துக் காஜா தலையைக் குனிந்துகொண்டார்.

சந்திரசேகரன் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் வந்தார்.

"நாலாம் மாடி அலாவுதீன் எனக்குத்தான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்குறாராம். நீங்க சொன்னா கேப்பாரு. கொஞ்சம் பேசி மனசை மாத்துங்களேன், காஜா!"