டிரைவர் போட்ட டீ

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மருத்துவமனையின் மூன்றாம் மாடிச் சமையலறையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் டீ போட ஆரம்பித்தார். பக்கவாதம் வந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

நோயாளிகளின் கைப்பயிற்சிக்காகவே கட்டிய சமையலறை அது. ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, சுவரில் வரிசையாக நான்கு அலமாரிக் கதவுகள், ஓரமாக மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பயிற்சி கொடுக்கும் பெண் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரைவரின் மனைவி. முப்பத்தைந்து வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர் என்பதால் வார்டில் எல்லோருக்கும் அவர் டீச்சர். வீட்டுக்காரருக்கும் அப்படித்தான்.

“சாரே போடட்டும் டீச்சர். நீங்க உக்காந்து பாருங்க, போதும். கைக்கு வேலை இல்லேன்னா கை மறந்துடும்,” என்றாள் பயிற்சிப் பெண். “இன்னிக்கு சரியா அமைஞ்சா வியாழக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்.”

வீட்டில் எல்லாம் தயார். கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கக் கொத்தனார் கூடவே நின்று, குளியலறைச் சுவரில் கைப்பிடி பதித்துவிட்டு வந்திருந்தார் டீச்சர். வார்டு பெஞ்சில் இன்னொரு நாள் முதுகை வளைத்துப் படுக்க அவருக்குத் தெம்பில்லை. அத்தனையும் இப்போது ஒரு கப் டீயில் வந்து நின்றது.

அதுவும் யார் போடும் டீ! கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்.

டிரைவர் யாரையும் கேட்காமல் இரண்டாவது கதவைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தார். தண்ணீரை அடுப்பில் ஏற்றினார். அது சூடாகும் முன்பே சர்க்கரையைக் கொட்டினார்.

“ஐயோ, சர்க்கரை கடைசியிலங்க!” என்றார் டீச்சர்.

பயிற்சிப் பெண் தாளில் ஒரு கோடு போட்டாள். போச்சு, ஒரு மார்க் போச்சு என்று நினைத்தார் டீச்சர்.

அடுத்தது டீத்தூள் டப்பா. இடக்கையால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் மூடியைத் திருகினார் டிரைவர். விரல் வழுக்கியது. மறுபடி திருகினார். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். டீச்சருக்கு அரை மணி நேரம். எழுந்து போய் மூடியைத் திறந்து டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“திறந்து மட்டும்தாம்மா குடுத்தேன். தூளு அவரேதான் போடுவாரு.”

இன்னொரு கோடு.

“கொதிக்கட்டும்ங்க... இன்னும் கொதிக்கணும். நிறம் இறங்கட்டும். ஆங், போதும், போதும்! இப்ப பாலு!”

“கண்டக்டர்கூட... ரெண்டு விசிலுக்கு மேல... அடிக்கமாட்டான்,” என்றார் டிரைவர் திரும்பாமல்.

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அடுப்பைப் பாருங்க!”

பால் பொங்கி வந்தது. டிரைவரின் கை அடுப்புக் குமிழைத் தொடுவதற்குள் டீச்சரின் கை போய்விட்டது. தீ அடங்கியது. கோடு விழுந்தது.

முப்பத்தைந்து வருடத்தில் பரீட்சை ஹாலில் எந்தப் பிள்ளைக்கும் அவர் ஒரு விடைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்று வெட்கத்தை விட்டார். கோடு விழ விழ அவர் கை இன்னும் பரபரத்தது. விழுகிற கோட்டையெல்லாம் எப்படியாவது ஈடுகட்டியாக வேண்டும். கப்பை நகர்த்தி வைத்தார். ஸ்பூனைக் கழுவிக் கொடுத்தார். கப்பின் மேல் வடிகட்டி ஆடி, மேடையில் நாலு சொட்டு சிந்தியபோது பொறுமை மொத்தமும் போய்விட்டது.

“நகருங்க நீங்க!”

மேடையைத் துடைத்தார். வடிகட்டியை வாங்கினார். அப்புறம் பாத்திரத்தையும் வாங்கினார். டீ கடைசியில் கப்பில் இறங்கியது டீச்சரின் கையால்தான்.

டிரைவர் மெல்ல வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து கப்பை இரண்டு கையாலும் பிடித்தார். அதற்கும் அடியில் ஒரு கை கொடுத்தார் டீச்சர்.

பயிற்சிப் பெண் கோடுகளை எண்ணினாள். பதினொன்று.

“இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும் டீச்சர். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பாக்கலாம்.”

டீச்சர் வெடித்தார்.

“ஒரு கப் டீ சரியா வரலைன்னு ஒரு வாரமா? இவரை என்ன டீ மாஸ்டர் வேலைக்கா எடுக்கறீங்க? அப்படி என்னம்மா குறை இந்த டீயில? ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஃபெயில் போடுங்க மனுஷனை!”

பயிற்சிப் பெண் டிரைவரைப் பார்த்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கப்பின் அடியில் இருந்த மனைவியின் கையை மெதுவாக விலக்கினார்.

“நான் போன வாரமே பாஸு, டீச்சர். இன்னிக்குப் பரீட்சை... உனக்கு.”