பெரிய ஆளுக்கு ஒரு பொட்டு

நடுவர் அந்த ஓர் அட்டையை மட்டும் தனியாக உருவி, மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

கறுப்பு பிளாஸ்டிக் உறை. அதன் முதுகில், நட்ட நடுவில், சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

சீட்டுக்கட்டின் சொந்தக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. சுற்றுக்கு முன் சோதனைக்கென்று அவருடைய சீட்டுப் பெட்டியை வாங்கித் திறந்தவளே அவள்தான். நேற்று மூடியது. அதற்குப் பிறகு அவர் திறக்கவில்லை.

டிராகனும் மந்திரவாதியும் மோதுகிற இந்தச் சீட்டாட்டத்தில் எல்லா உறையும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஒன்றில் கீறல் விழுந்தாலே சந்தேகம். கவிழ்ந்து கிடக்கிற சீட்டுக்கட்டில் எது எங்கே என்று தெரிந்துவிடுமே. தெரிந்தால் மோசடி.

மோசடி என்றால் வெளியே. அப்புறம் கோயமுத்தூரில் எந்தப் போட்டியிலும் உட்கார முடியாது.

அவள் அட்டையைத் திருப்பினாள்.

நீல டிராகன்.

கட்டிலேயே வலுவான அட்டை. விலை உயர்ந்ததும் அதுதான். கள்ளாட்டம் ஆடுகிறவனும் அடையாளம் வைக்க இதைத்தான் எடுப்பான்.

ஆனால் இவ்வளவு மங்களகரமாக வைக்க மாட்டான்.

எதிரே ஆட வேண்டிய தாடிக்காரர் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"யாருங்க சார் வச்சது?" என்றாள் நடுவர்.

"வீட்லங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒவ்வோர் அட்டைக்கும் புது உறை மாட்டிக்கொண்டிருந்தார். ஓரம் மடங்காமல். உள்ளே காற்றுத் தங்காமல். கோமதி அவரைக்காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைக்கக் குடுத்த என் ஜாக்கெட்டை வாங்கியாற உங்களுக்கு நேரமில்லை. சீட்டுக்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு சட்டையாக்கும்."

அவர் அடுத்த உறையை எடுத்தார். அவளே கேட்டாள்.

"சரி, இதுல பெரிய ஆளு யாரு?"

காட்டினார். வெட்கம் கெட்ட பெருமையோடு.

இன்று காலை கிளம்பும்போது சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். அவர் நெற்றியைத் திருப்பிக்கொண்டார்.

"போட்டிக்குப் போறேன் கோமதி. பொண்ணு பாக்கவா போறேன்?"

அவள் சிமிழோடு திரும்பினாள். அவர் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்த நேரம் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

நடுவர் யோசித்தாள்.

பிறகு தன் லேப்டாப்பைப் பாதி மூடி, முதுகுப்பக்கம் திருப்பிக் காட்டினாள். காய்ந்துபோன சந்தனம். அழிந்தும் அழியாத குங்குமம்.

"எங்கம்மா" என்றாள். "உறையை மாத்திருங்க சார். எச்சரிக்கை மட்டும் எழுதிக்கறேன்."

அவருக்கு மூச்சு வந்தது. பையில் அதே பாக்கெட்டின் புது உறைகள் மிச்சம் இருந்தன. டிராகனை மெல்ல வெளியே எடுத்தார்.

ஒரு செதிலில்கூடப் பொட்டு ஒட்டவில்லை. சட்டையில் பட்டது சட்டையோடு.

புது உறைக்குள் அது ஒன்றும் தெரியாததுபோல் போய்ப் படுத்துக்கொண்டது.

பழைய உறையைக் குப்பைக் கூடையில் போட மனம் வரவில்லை. குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டார்.

"நெத்தியில வச்சுக்கலாம்ங்களா? விதியில ஏதாச்சும்..."

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"நெத்தியைக் கலைச்சுப் போட மாட்டீங்கல்ல சார்?"

வைத்துக்கொண்டார்.

உறையை மடங்காமல் சட்டைப்பையில் செருகினார். விரலைக் கைக்குட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். அதன் பிறகே சீட்டுக்கட்டைத் தொட்டார்.

"பொட்டு கொஞ்சம் கோணலாப் போயிருச்சுங்ணா" என்றார் தாடிக்காரர்.

"இருக்கட்டுங்க."

வீட்டுக்குப் போனதும் அவள் திருத்தட்டும்.