காகிதத்தின் சத்தம்

குட்டியின் கழுத்து மணி சட்டென்று நின்றது.

அவளும் பேச்சை நிறுத்தினாள்.

"அக்கா, தரையை மோந்து பாக்குது. இங்கயே போயிடும் போல. தூக்கிடவா?" எதிரே உட்கார்ந்திருந்த தங்கை செண்பகம் எழுந்துவிட்டாள்.

அவள் கையை மட்டும் உயர்த்தினாள். பொறு.

மிளகு இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள். இரண்டரை மாத நாய்க்குட்டி. கறுப்பு நிறமாம், கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

'கண்ணு தெரியாம, அது எங்க அசிங்கம் பண்ணி வச்சிருக்குன்னு எப்படிக்கா கண்டுபிடிப்ப?' அன்றைக்கே செண்பகம் போனில் கேட்டிருந்தாள்.

காலால்தான் கண்டுபிடித்தாள்.

முதல் வாரம் முழுக்க. கூடத்தில், கட்டிலடியில். ஒருநாள் பேங்க்குக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்புக்குள்ளேயே. துடைத்தாள். திட்டவில்லை.

மூன்று மாடி இறங்கி, தெருநாய்களுக்கு நடுவே குட்டியோடு நிற்பது அவளால் ஆகாது. அதனால் பால்கனி மூலையில் ஒரு பிளாஸ்டிக் டிரே. அதில் செய்தித்தாள்.

அது தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், தூக்கிக்கொண்டு போய் அங்கே விடுவாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருப்பாள். பின்னங்கால் மடங்குவது கைக்குத் தெரியும். அந்த நொடியில், "அங்கதான்" என்பாள். முடிந்ததும் ஒரு துண்டு பிஸ்கட்.

கொண்டுபோய் விட்டால் போகும். தானாகப் போனதில்லை.

மணி மறுபடி அசைந்தது.

கூடத்தைத் தாண்டியது. அவள் நாற்காலியைத் தாண்டியது.

பால்கனி வாசற்படியில் தயங்கியது.



டைல்ஸில் நகம். இன்னும் கொஞ்சம் நகம்.

பிறகு காகிதம் சரசரத்தது.

பிறகு அந்தக் காகிதத்தின் மேல், படபடவென்று, நீளமாக.

இருபது வருடமாக பேங்க்கில் டெலிபோன் ஆபரேட்டர். மேனேஜர்கள் பாராட்டியிருக்கிறார்கள், விருதுகூட ஒன்று கொடுத்தார்கள். எதற்கும் அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"அங்கதான்டா! அங்கதான்!"

மிளகு ஓடிவந்து முழங்காலில் மோதியது. ஒரு துண்டுக்குப் பதில் பிஸ்கட்டை முழுசாகவே கொடுத்தாள்.

"நான் போய் அந்தப் பேப்பரை எடுத்துப் போட்டுடறேன்க்கா."

"நீ உக்காருடி. அது எங்க ரெண்டு பேர் வேலை."

ஈரத்தாளைச் சுருட்டி எடுத்தாள். டிரேயைக் கழுவினாள். புதுத் தாளை விரித்து, மூலை மூலையாகத் தடவி நேராக்கினாள்.

கூடத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"என்னடி, சளியா?"

"ஆமாக்கா."

குரலில் சளி இல்லை.