மூணாவது காப்பி

"அந்த ஆளு வீட்லயா? வேற எடமே கிடைக்கலையா உனக்கு?"

லிம்பானி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். சர்ச் பாடகர் குழுவில் அவருக்குத்தான் அடித்தொண்டை. கோபத்திலும் அதே தொண்டைதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

செயலாளர் தியாமிகே அசரவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் கட்டி மேய்க்கிறவள் இதற்கா அசருவாள்?

"உட்காருங்கண்ணே. இருபத்தாறு வருஷப் பாட்டு. போன மழையில ஆத்துத் தண்ணி ஏறி கேசட் எல்லாம் போச்சு. மிச்சம் இருக்கிறது இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான். அதுவும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. மூணு காப்பி வேணும். ஒண்ணு ஹார்ட் டிஸ்க்ல, இங்க அலமாரில. ஒண்ணு நல்ல டிவிடில, என் வீட்ல. மூணாவது வேற கம்பெனி ஹார்ட் டிஸ்க்ல. அது மட்டும் தூரமா, வெள்ளம் ஏறாத மேட்டுல இருக்கணும். நமக்குத் தெரிஞ்சவங்கள்ல மலைமேல வீடு கம்வெண்டோ அண்ணனுக்குத்தான்."

"எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு பென் டிரைவ் போதாதா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் 'ஆயிரம் ஜிபி, ஆயிரம் ஜிபி' என்று கூவி விற்ற பென் டிரைவை வாங்கி வந்தவர் இதே லிம்பானிதான். அது அத்தனை பாட்டையும் வாங்கிக்கொண்டது. திறந்தால் நாற்பதுதான் பாடியது. மற்றதெல்லாம் வெறும் பெயர்!

லிம்பானிக்கு முகம் சுருங்கிவிட்டது. கம்வெண்டோவோடு அவருக்கு நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஈஸ்டர் பாட்டைப் பதிவு செய்தபோது யார் தாளத்துக்கு முந்தி எடுத்துக் கெடுத்தது என்று ஆரம்பித்த சண்டை. கம்வெண்டோ குழுவையே விட்டுப் போனார். போன வருஷம் அவர் மனைவி இறந்தபோதுகூட, லிம்பானி கடைசி வரிசையில் நின்று பாடிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார்.

"வச்சா மட்டும் போதாது," என்றாள் தியாமிகே. "மாசாமாசம் போய் முப்பது பாட்டாவது முழுசா கேட்டு, ஃபாரத்துல டிக் போடணும். ஏமாந்தவருக்குத்தான் அந்த வேலை."

"இது என்ன அநியாயம்! நீ என்ன என் மாமியாரா?"

"இவ பிடிவாதம் ஊரறிஞ்சது," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

திட்டிக்கொண்டே போனார் லிம்பானி. இந்தத் தடவையும் பாட்டு போய்விட்டால் பழி அவர் தலையில்தானே விழும்.

முதல் மாதம் கம்வெண்டோ கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான். முப்பது பாட்டுக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் மாதம் டீயும் எண்ணெயில் பொரித்த மண்டாசி உருண்டைகளும் சுடச்சுட வந்தன. பேச்சு வரவில்லை.

மூன்றாம் மாதம் அந்த ஈஸ்டர் பாட்டு வந்தது.

"கேட்டியா? நீதான் முந்தின," என்றார் கம்வெண்டோ.

"யோவ், நீ தூங்கி எந்திரிச்சு வந்து பாடினய்யா!"

"இன்னொரு தடவை போடு."

ஆறு தடவை போட்டார்கள். ஆறாவது தடவைதான் பிடிபட்டது. முந்தினது இவரும் இல்லை, அவரும் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கம்வெண்டோவின் மனைவி!

"கள்ளி! மூணு வருஷம் நான் உன்னைத் திட்டினதக் கேட்டுக்கிட்டு, வாயத் தொறக்கலியேய்யா அவ!"

சிரித்தார் கம்வெண்டோ. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. லிம்பானி எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு டிக் போடவே மறந்துவிட்டார்.

ஏழாம் மாதம் ஃபாரத்தைக் கொடுக்கத் தியாமிகே வீட்டுக்குப் போனார். வறுத்த நிலக்கடலையைப் பொட்டலம் கட்டி நீட்டினாள். பொட்டலத்தில் வரிசையாக டிக்.

"ஏய், இது என் ஃபாரம்ல?"

"ஆமாண்ணே."

"நான் மலையேறி எறங்கி டிக் போட்டா, நீ கடலை மடிக்கிறியா? ஆமா, உன் வீட்டு டிவிடிய மாசாமாசம் யாரு கேக்குறா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டா போதும்ணே. அலமாரில இருக்கிறதும் அப்படித்தான்."

"அப்ப அவன் வீட்ல இருக்கிறது மட்டும்?"

தியாமிகே அடுத்த பொட்டலத்தை மடித்தாள்.

"யாரும் கேக்காட்டியும் டிஸ்க் ஒரு வருஷம் தாங்கும்ணே. அக்கா போனப்புறம், அண்ணன் தாங்குவாருன்னு எனக்குத் தோணல."

லிம்பானி கடலைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"புது ஃபாரம் குடு. வாரா வாரம்னு எழுதிக் குடு."