இறால் போத்தல்கள்

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தேவமலர் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஒன்பதாவது போத்தலிலும் பென்சில் கோடுவரை தண்ணீர் ஊற்றினாள்.

போத்தல்களுக்குள், கடற்பஞ்சுகளில் வாழும் குட்டி இறால்கள் சுத்தமான ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். சிலவற்றின் பெரிய கொடுக்கில் மட்டும் ஒரு சின்னப் பல் கூடுதல். ஓர் இனமா, இரண்டா? மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஸ்பிரிட் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. பார்த்ததுமே அவளுக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா பெரியதம்பி அங்கேதான் தரை துடைத்தார். செலண்டார் எஸ்டேட்டில் சம்சு சாராயம் குடித்துக் கிடந்தவர். அவளிடம் சத்தியம் செய்து குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. ஆய்வகத்தில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரும் அவளை ‘மிஸ்’ என்றே சொல்லுவார்.

அவள் திரும்பியபோது அவர் மாப்புடன் கதவருகே நின்றிருந்தார். அவர் பார்வை போத்தல்கள்மேல் இருந்தது.

வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி, “மனசுல ஏதும் கஷ்டமாம்மா?” என்றார்.

“ஒன்னுமில்லப்பா.” அவள் எழுந்து போய்விட்டாள்.

கோலாலம்பூருக்கு அனுப்பிய சோதனையின் முடிவு அடுத்த மாதம் வந்தது. ஆய்வகத் தலைவர் டாக்டர் விஜயராணி தாளை மேசையில் எறிந்தார்.

“ஒன்பதுலயும் டி.என்.ஏ. சிதைஞ்சு போச்சு. ரெண்டு வருஷ வேலைலா! ஸ்பிரிட்ல தண்ணி கலந்திருக்கு.”

“மூடி லூசா இருந்திருக்கும், டாக்டர்” என்றாள் தேவமலர்.

“லூசா இருந்தா ஸ்பிரிட் காத்துல போகும், சரி. தண்ணி தானா நடந்து உள்ள வருமா? யாரோ குடிச்சிட்டு ஊத்தி வச்சிருக்காங்க.”

 

தரை துடைத்துக்கொண்டிருந்த பெரியதம்பி மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். “நான்தான் டாக்டர். மிஸ்ஸுக்கு ஒன்னும் தெரியாது.”

“எஸ்டேட் ஆளுங்கள வேலைக்கு வச்சா இதான். நாளையிலேர்ந்து வர வேணாம்.”

அவர் போனார். தேவமலர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் ‘இவர் என் அப்பா’ என்று சொல்ல அவளால் முடியவில்லை.

ஐந்து மணிக்குத் தஞ்சோங் கிளிங் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, அவர் இன்னும் பஸ் ஏறாமல் அவளுக்காக உட்கார்ந்திருந்தார்.

“சத்தியம் பண்ணிட்டு ஏம்ப்பா குடிச்சீங்க?” அவள் குரல் உடைந்தது. “நீங்க குடிச்சத மறைக்கத்தான் நான் தண்ணி ஊத்துனேன். இப்ப எல்லாம் போச்சு.”

பெரியதம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வந்து நின்ற பஸ் அவர்களை ஏற்றாமலே கிளம்பிப் போனது.

“நான் தொடவே இல்ல. குடிச்சது நீன்னு நெனச்சுட்டேன்மா.”